நாற்பதுக்குப் பின் நீளும் தலைமுடி

 

பள்ளிவாசல் திண்ணைகளில் அண்மைக் காலமாக அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. நாற்பது, ஐம்பது வயதைக் கடந்த நம் சகோதரர்களுள் சிலர் தலைமுடியைக் கத்தரிக்காமல் நீள வளர்க்கத் தொடங்கியுள்ளனர். சாயம் பூசாத நரையும் இயல்பான சுருளுமாக அவர்களது முடி காதைக் கடந்து தோளைத் தொடுகிறது. "பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இது என்ன கோலம்?" என்று ஒரு சாரார் முகம் சுளிக்கின்றனர். "சுன்னத்தைப் பேணுகிறவரைக் குறை சொல்லாதீர்கள்" என்று மற்றொரு சாரார் மறுமொழி கூறுகின்றனர். இரு சாராருக்கும் நடுவே நம் மத்ரஸாப் பிள்ளைகள் நின்றுகொண்டு, "உஸ்தாத்! எங்கள் முடியை மட்டும் ஒழுங்காக வெட்டச் சொல்கிறீர்களே, அந்தப் பெரியவரை ஏன் ஒன்றும் கேட்பதில்லை?" என்கின்றனர்.

பிள்ளைகளின் கேள்வி நியாயமானது. அதற்கு நிதானமான பதில் தர வேண்டியது நம் கடமை. நம் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஓர் ஆணின் முடி நீண்டிருப்பது அவரது மார்க்கப் பற்றுக்குச் சான்றாகாது. மார்க்கப் பற்று குறைந்துவிட்டது என்பதற்கும் சான்றாகாது. முடியின் நீளத்தைப் பற்றி மார்க்கம் நம்மிடம் கேட்பது குறைவு. முடியை எவ்வாறு பேணுகிறோம் என்பதைப் பற்றி அது கேட்பது நிறைய. நாமோ இதைத் தலைகீழாக்கி, நீளத்தை அளந்துகொண்டிருக்கிறோம்.

நபி (ஸல்) அவர்களின் தலைமுடி

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் தலைமுடியைப் பற்றி ஸஹாபாக்கள் நுணுக்கமாக அறிவித்துள்ளனர். பெருமானாரின் முடி கடும் சுருளாகவும் இராது, முற்றிலும் படிந்த நேர்முடியாகவும் இராது. இரண்டுக்கும் இடைப்பட்டதாக இருந்தது என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரீயில் உள்ளது. நீளத்தைப் பொறுத்தவரை, காதின் பாதி வரை என்றும், காதுச் சோணை வரை என்றும், தோள் வரை என்றும் அறிவிப்புகள் வந்துள்ளன. இவற்றை முரண்பாடாகக் கருத வேண்டியதில்லை. முடி வளரும், வெட்டினால் குறையும், மீண்டும் வளரும். ஒவ்வொருவரும் தாம் கண்ட காலத்து நிலையைச் சொன்னார்கள் என்றே அறிஞர்கள் விளக்கியுள்ளனர். காதுச் சோணையை எட்டும் முடிக்கு வஃப்ரா என்றும், அதைத் தாண்டித் தோளை நெருங்குவதற்கு லிம்மா என்றும், தோளில் படிவதற்கு ஜும்மா என்றும் அரபுமொழியில் தனித்தனிப் பெயர்கள் உண்டு. மூன்றுமே பெருமானாரைப் பற்றிய அறிவிப்புகளில் வந்துள்ளன.

வயதை முன்வைத்துப் பேசுவோர் உம்மு ஹானி (ரலி) அவர்களின் அறிவிப்பைக் கவனிக்க வேண்டும். பெருமானார் மக்காவுக்கு வந்தபோது அவர்களின் முடி நான்கு பின்னல்களாக இருந்ததைத் தாம் கண்டதாக அன்னார் கூறுகிறார்கள். திர்மிதீ, அபூதாவூத், இப்னுமாஜா ஆகிய நூல்களில் இச்செய்தி இடம்பெறுகிறது. இது மக்கா வெற்றியின்போது நிகழ்ந்தது என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. அப்படியாயின் அது ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு. பெருமானாருக்கு அப்போது அறுபது வயது கடந்திருந்தது. பேரப்பிள்ளைகளான ஹஸன் (ரலி), ஹுஸைன் (ரலி) இருவரும் பிறந்து மடியில் விளையாடிய காலம் அது. எனவே, "பேரன் எடுக்கும் வயதில் ஆணுக்கு நீண்ட முடி தகாது" என்ற பேச்சு ஹதீஸ் நூல்களிலிருந்து வந்ததன்று. அது நம் ஊர் வழக்கத்திலிருந்து வந்த பேச்சு.

சுன்னத்தா, வழக்கமா?

முடி வளர்ப்பது பின்பற்றுவதற்குரிய சுன்னத்தா, அல்லது அக்கால அரபியரின் வழக்கமா என்பதில் அறிஞர்களிடையே இரு கருத்துகள் உண்டு. இமாம் அஹ்மத் பின் ஹன்பல் (ரஹ்) அவர்கள் அதைச் சுன்னத் என்றே கருதினார்கள். ஆயினும் அதைப் பராமரிக்க உழைப்பும் செலவும் வேண்டும் என்பதால் தம்மால் இயலவில்லை என்ற கருத்தில் அவர்கள் சொன்னதை இப்னு குதாமா (ரஹ்) அல்முக்னீயில் பதிவு செய்துள்ளார்கள். எவ்வளவு நேர்மையான பதில்! சுன்னத் என்று ஒப்புக்கொண்டார்கள்; தம்மால் பேண முடியாததைத் தலையில் ஏற்றிக்கொள்ளவில்லை; பேணுகிறவரைக் குறைகூறவும் இல்லை.

மறுபுறம், ஹிஜ்ரி 463இல் மறைந்த குர்துபா நகரத்துப் பேரறிஞர் இப்னு அப்துல் பர் (ரஹ்) அவர்கள், தம் காலத்து அந்தலூஸில் போர்வீரர்களே நீண்ட முடி வைத்திருந்ததாகவும், மார்க்க அறிஞர்களும் ஸாலிஹீன்களும் அதைக் கைவிட்டுவிட்டதாகவும், நீண்ட முடி ஏறக்குறைய அறிவற்றோரின் அடையாளமாகவே ஆகிவிட்டதாகவும் எழுதியுள்ளார்கள். பெருமானாரின் தோளில் படிந்திருந்த அதே ஜும்மா, நான்கு நூற்றாண்டுகள் கழித்து வேறொரு நாட்டில் வேறொரு பொருள் பெற்றுவிட்டது! முடியின் பொருள் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமா?

மழித்த தலைக்கும் இதே நிலைதான். பிற்காலத்தில் தோன்றவிருந்த வழிதவறிய ஒரு கூட்டத்தாரின் அடையாளம் தலையை மழிப்பது என்று நபி (ஸல்) அவர்கள் முன்னறிவித்த செய்தி புகாரீயில் உள்ளது. அதைக் கொண்டு மழிப்பது கூடாது என்று சிலர் வாதிட்டபோது இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு கூட்டத்தின் அடையாளமாக இருப்பது அனுமதிக்கப்பட்ட செயலாகவும் இருக்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். முழுவதும் மழியுங்கள், அல்லது முழுவதும் விட்டுவிடுங்கள் என்ற பொருளில் வந்துள்ள நபிமொழி இரண்டுக்கும் இடம் தருகிறது. கடமையான குளிப்பில் ஒரு முடியளவு இடமும் நனையாமல் போய்விடக் கூடாது என்ற அச்சத்தால் அலீ (ரலி) அவர்கள் தம் தலைமுடியைக் களைந்துவந்ததாக அபூதாவூதில் ஓர் அறிவிப்பு உண்டு. மாமனார் தோள்வரை முடி வைத்திருந்தார்கள். மருமகனார் முடியைக் களைந்தார்கள். இருவருக்குமிடையே இதுபற்றி ஒரு சொல் மனத்தாங்கலும் இருந்ததாக நாம் படித்ததில்லை.

ஆகவே, பெருமானார் மீதுள்ள நேசத்தால் ஒருவர் முடி வளர்த்தால் அந்த நேசத்துக்கு அல்லாஹ்விடம் கூலியை ஆதரவு வைக்கலாம். வளர்க்காதவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. மார்க்கச் சட்டத்தின் நிலை இவ்வளவே.

நம் ஊர்த் தலைகளின் கதை

நம் பாட்டனார்களின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் தலையை மழித்துத் தொப்பியோ தலைப்பாகையோ அணிந்திருப்பார்கள். தமிழகத்தில் ஆண்கள் பலரும் குடுமி வைத்திருந்த காலத்தில், மழித்த தலையும் தாடியும் நம்மவரை இனங்காட்டின. பின்னர் ஆங்கிலேயர் ஆட்சியில் பள்ளிக்கூடமும் அலுவலகமும் கொண்டுவந்த கிராப்பு, குடுமியையும் மொட்டையையும் ஒருசேரப் பின்னுக்குத் தள்ளியது. கிராப்பு வைப்பது வெள்ளைக்காரர் நாகரிகம் என்று பெரியவர்கள் முகம் சுளித்த காலமும் இருந்தது. இன்றோ அந்தக் கிராப்புதான் கண்ணியமான முஸ்லிமின் அடையாளம் என்று நாம் எண்ணுகிறோம்! அதற்குப் பின், 1970களில் திரைப்படங்கள் வழியாகவும் நகரத்துக் கல்லூரிகள் வழியாகவும் நீண்ட முடி வந்தபோது அதற்கு 'ஹிப்பி முடி' என்று பெயர் வைத்தோம். அன்று ஒட்டிய அந்த முத்திரை இன்னும் உதிரவில்லை. தர்காக்களில் தங்கியிருக்கும் பாவாக்களின் முடியைப் பார்த்துப் பழகிய கண்களுக்கோ, நீண்ட முடி என்றால் உலகைத் துறந்தவர் என்ற எண்ணமே முதலில் எழுகிறது.

ஆக, நீண்ட முடியுடைய ஒரு முதியவரைப் பார்க்கும்போது நம் மனத்தில் எழும் கசப்பு பல இடங்களிலிருந்து சேர்ந்தது. அதை ஊர் வழக்கம் என்று சொல்லிக்கொள்வதில் தவறில்லை. வழக்கத்துக்கு மார்க்கத்தில் மதிப்பும் உண்டு. அந்தக் கசப்பையே மார்க்கத் தீர்ப்பாக்கி ஒருவர் மீது சுமத்துவதுதான் தவறு.

ஏன் வளர்க்கிறார்கள்?

இதனால் ஏற்படும் இழப்பு சிறிதன்று. நாம் அறிந்த ஒரு மஹல்லாவில் நடந்ததைச் சொல்கிறோம். ஐம்பது வயதைக் கடந்த சகோதரர் ஒருவர். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வெளிநாட்டில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். இமாம் விடுப்பில் செல்லும் நாட்களில் அவர்தான் ஃபஜ்ருத் தொழுகையை நடத்துவார். அவரது முடி தோளைத் தொட்ட பிறகு, "இந்தக் கோலத்தில் முன்னால் நிற்க வேண்டாம்" என்று நிர்வாகத்தினர் சிலர் கூறிவிட்டனர். தொழுகையின் நிபந்தனைகளில் எது குறைந்தது என்று அவர் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சில வாரங்களில் அவர் இரண்டாம் வரிசைக்கும் வருவதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஃபஜ்ருக்கு வந்துகொண்டிருந்த இளைய மகனும் வருவதில்லை. ஒரு சாண் முடிக்காக இரு தொழுகையாளிகளை ஜமாஅத்திலிருந்து இழந்தோம். இதற்கு மறுமையில் நம்மிடம் கணக்குக் கேட்கப்படாதா?

வயது கடந்த பின் முடி வளர்ப்போரின் காரணங்கள் பலவாக இருக்கின்றன. முப்பது ஆண்டுகள் சீருடைப் பணியில் இருந்தவருக்குத் தம் முடி எவ்வளவு வளரும் என்பதே தெரியாது. ஓய்வு பெற்ற பின்னர்தான் அதை முதன்முதலாகப் பார்க்கிறார். உம்ராச் செய்து திரும்பி, மழித்த தலையில் முளைத்த முடியைப் பெருமானாரின் நினைவாக அப்படியே விட்டுவிட்டவர்கள் உண்டு. புற்றுநோய்ச் சிகிச்சையில் தலைமுடி முழுவதையும் இழந்த ஒரு சகோதரரை நாம் அறிவோம். அச்சிகிச்சைக்குப் பின் முளைக்கும் முடி முன்பிருந்ததைவிடச் சுருளாகவோ வேறு நிறத்திலோ வருவது உண்டு. அவருக்கும் அப்படியே வந்தது. "அல்லாஹ் திருப்பிக் கொடுத்ததில் கத்தரி வைக்க மனம் வரவில்லை ஹஜ்ரத்" என்றார். அவரைப் பார்த்துத்தான் ஒரு திருமண விருந்தில், "என்ன பாய், பாட்டுக் கச்சேரியில் சேர்ந்துவிட்டீர்களா?" என்று ஒருவர் கேலி பேசினார். கேட்டவருக்குக் காரணம் தெரியாது. காரணம் தெரியாத இடத்தில் நல்லெண்ணம் கொள்ளுமாறுதானே மார்க்கம் நமக்குக் கற்பித்துள்ளது? ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரைப் பரிகசிக்க வேண்டாம் என்று ஸூரத்துல் ஹுஜுராத்தில் அல்லாஹ் தடுத்திருப்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் ஓதுகிறோம். விருந்து ஸஹன்களைச் சுற்றி அமர்ந்ததும் மறந்துவிடுகிறோம்.

வெறுமனே தமக்குப் பிடித்திருக்கிறது என்பதற்காக வளர்ப்பவர்களும் உள்ளனர். அதுவும் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருக்கும்வரை குற்றமன்று.

நரையும் கருஞ்சாயமும்

இங்கு நம் சமூகத்தின் இரட்டை அளவுகோல் ஒன்றைச் சுட்டிக்காட்ட வேண்டியுள்ளது. மக்கா வெற்றி நாளில் அபூபக்ர் (ரலி) அவர்களின் முதிய தந்தையார் அபூகுஹாஃபா (ரலி) அவர்கள் தூய வெண்ணிறத் தலையுடன் அழைத்து வரப்பட்டார்கள். அந்த நரையின் நிறத்தை மாற்றுமாறும் கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதன் அடிப்படையில் கருஞ்சாயத்தை ஷாஃபிஈ அறிஞர்கள் ஹராம் என்றும், ஹனஃபி அறிஞர்கள் பெரும்பாலோர் மக்ரூஹ் என்றும் கூறுகின்றனர். அனுமதித்தோரும் உண்டு என்பதை மறைக்கவில்லை. ஆயினும் மருதாணியின் செம்மையில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நரைமுடியைப் பிடுங்க வேண்டாம், அது முஸ்லிமின் ஒளி என்ற கருத்திலும் நபிமொழி உள்ளது.

இப்போது நம் சபைகளைப் பாருங்கள். அறுபது வயதில் மீசை முதல் பிடரி வரை கருஞ்சாயம் பூசி வருபவரைப் பார்த்து, "மாஷா அல்லாஹ், வயதே தெரியவில்லை" என்கிறோம். நரையை நரையாகவே விட்டு, தோள்வரை வாரி, நேர்த்தியாக வருபவரைப் பார்த்து, "வயசுக்கு ஏற்ற மாதிரி இருக்கக் கூடாதா?" என்கிறோம். இருவரில் தம் வயதை மறைக்காதவர் யார்? ஹதீஸில் நேரடியாகப் பேசப்பட்ட செயலுக்குப் பாராட்டும், அனுமதிக்கப்பட்ட செயலுக்கு ஏச்சும் கிடைக்குமாயின், நாம் காப்பது மார்க்கத்தையா, நம் கண்ணின் பழக்கத்தையா?

வளர்ப்போர் கவனத்துக்கு

இதுவரை மஹல்லாவாசிகளிடம் பேசினோம். இனி முடி வளர்க்கும் சகோதரர்களிடம் சில சொற்கள்.

முதலாவது, முடி உள்ளவர் அதைக் கண்ணியப்படுத்த வேண்டும் என்பது அபூதாவூதில் இடம்பெறும் நபிமொழியின் கருத்து. அபூகதாதா (ரலி) அவர்களுக்குத் தோள்வரை முடி இருந்தது. அதைக் கண்ணியப்படுத்துமாறு பெருமானார் சொன்னதால், சில நாட்களில் இருமுறைகூட அன்னார் எண்ணெய் தேய்ப்பார்கள் என்று முவத்தாவில் காணப்படுகிறது. கலைந்த தலையுடன் வந்த ஒருவரைக் கண்டு, முடியைப் படிய வைக்க இவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லையா என்று பெருமானார் கேட்ட செய்தியும் உள்ளது. அதே வேளையில், நாள் தவறாமல் தலைவாருவதிலேயே மூழ்குவதை அவர்கள் தடுத்ததாக அப்துல்லாஹ் பின் முகஃப்பல் (ரலி) அறிவிக்கிறார்கள். பரட்டையும் கூடாது, கண்ணாடி முன்னால் பொழுதைக் கழிப்பதும் கூடாது என்பதே இவற்றின் சாரம்.

வயது கடந்தபின் இது எளிதன்று என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். கிராப்பிலிருந்து தோள்வரை செல்ல இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாது. அதில் பாதிக் காலம் காதை மூடியும் மூடாமலும், படியவும் படியாமலும் நிற்கும். கேலி அதிகம் வருவதும் அப்போதுதான். வயது ஏற ஏற முடியின் தடிமன் குறையும். வளரும் பருவம் சுருங்கும். தலையின் எண்ணெய்ப் பசை குறைவதால் நரைமுடி உலர்ந்து முரடாகும். சுருள்முடியில் அந்த எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்காது. உப்புத் தண்ணீர் உள்ள நம் கடலோர ஊர்களில் இது இன்னும் சிரமம். தேங்காய் எண்ணெயும், அகன்ற பல் சீப்பும், நனைந்த முடியை முரட்டுத்தனமாகத் துவட்டாத பொறுமையும் வேண்டும். உச்சி வழுக்கையாகிவிட்ட நிலையில் பிடரியில் மட்டும் நீளவிடுவது அழகாகவும் அமையாது. இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் பதிலை அப்போது நினைவுகூர்வது நல்லது.

இரண்டாவது, வணக்கத்தில் குறை வரக் கூடாது. உளூவில் தலைக்கு மஸஹ் செய்யும்போது, தலையின் எல்லைக்குக் கீழே தொங்கும் முடியை மட்டும் தடவினால் போதாது. ஈரக்கை தலைப் பகுதியில் பட வேண்டும். கடமையான குளிப்பில் முடியின் அடிவரை தண்ணீர் சென்றடைய வேண்டும். முடியைப் பின்னியிருக்கும் ஆண் அதை அவிழ்த்தே குளிக்க வேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. அவிழ்க்காவிட்டால் உள்ளே நனையாது என்றால் ஷாஃபிஈ மத்ஹபிலும் அவிழ்ப்பது அவசியமே. குளிர்காலத்து ஃபஜ்ரில் இந்த முடியை முழுமையாக நனைக்கச் சோம்பல் வரும் என்று அஞ்சுபவர், அலீ (ரலி) அவர்களின் வழியைத் தேர்வது மேல்.

தொழுகையில் முடியைப் பின்னால் கொண்டையாகக் கட்டிக்கொள்வதைப் பற்றியும் பலர் அறியாமல் இருக்கிறார்கள். ஆடையையும் முடியையும் சுருட்டிக்கொள்ளாமல் ஏழு உறுப்புகளால் ஸஜ்தாச் செய்யுமாறு தாம் ஏவப்பட்டதாக நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பின்னால் முடியைக் கட்டிக்கொண்டு தொழுத ஒருவரின் கட்டை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எழுந்து சென்று அவிழ்த்துவிட்ட நிகழ்ச்சி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தொழுகை கூடிவிடும், ஆயினும் அவ்வாறு செய்வது மக்ரூஹ் என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. ஆகவே பள்ளிக்குள் நுழையும்போதே ரப்பர் வளையத்தைக் கழற்றிவிடுங்கள். முன்முடி சரிந்து நெற்றி முழுவதையும் மறைத்தால் ஸஜ்தாவே குறைபடும். தொப்பி அதைப் பின்னுக்கு நிறுத்தும். முடியும் ஸஜ்தாச் செய்யட்டும்!

மூன்றாவது, ஒப்பாதல். பெண்களைப் போல் தோற்றம் கொள்ளும் ஆண்களை நபி (ஸல்) அவர்கள் சபித்துள்ளார்கள். இதில் நீளம் மட்டும் அளவுகோல் ஆகாது. எந்தக் கோலம் பெண்களுக்கே உரியது என்பதை அந்தந்த ஊரின் வழக்கமே முடிவு செய்யும். அன்றைய அரபகத்தில் பின்னல் ஆண்களுக்கும் இருந்தது. நம் ஊரில் ஒற்றைச் சடையும் வண்ணக் கிளிப்பும் பெண்களுக்குரியவை. எனவே நம் ஆண்கள் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நபிமொழித் தொகுப்புகளில் முடி தோளைத் தாண்டியதாக வரவில்லை என்பதையும் கவனியுங்கள். மிக நீண்ட முடியுடன் வந்த வாஇல் பின் ஹுஜ்ர் (ரலி) அவர்கள், பெருமானார் தம்மைக் குறித்துச் சொன்னதாக எண்ணிக்கொண்டு சென்று அதைக் குறைத்து வந்தார்கள். உம்மைக் கருதிச் சொல்லவில்லை, ஆயினும் இது மிக நன்று என்ற பொருளில் பெருமானார் பாராட்டினார்கள். தோள் ஒரு நல்ல எல்லை.

நான்காவது, நிய்யத். பிறர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்பதற்காக அணியும் புகழாசை ஆடையை மார்க்கம் கண்டித்துள்ளது. அதே நோக்கம் முடியிலும் புகுந்துவிடலாம். "நான் சுன்னத்தைப் பேணுகிறேன், நீங்கள் விட்டுவிட்டீர்கள்" என்ற பார்வை கண்ணில் வந்துவிட்டால், ரியா தோளில் வந்து அமர்ந்துவிட்டது என்று பொருள். பெருமானாரின் முடியை மட்டும் சுன்னத்தாக எடுத்துக்கொண்டு, அவர்களின் மென்மையையும் அண்டை வீட்டார் உரிமையையும் கடன் தீர்க்கும் பண்பையும் விட்டுவிடுபவர், மிக எளிதான சுன்னத்தைப் பொறுக்கி எடுத்தவர் ஆவார். தானே வளர்வதை வளரவிடுவதில் என்ன பெரிய தியாகம் இருக்கிறது?

வீடும் மத்ரஸாவும்

வீட்டில் மனைவியின் விருப்பத்தையும் கேளுங்கள். பெருமானார் இஃதிகாஃபில் இருந்தபோது தம் தலையைப் பள்ளிவாசலிலிருந்து அறைப் பக்கம் நீட்டுவார்கள். ஆயிஷா (ரலி) அவர்கள் வாரிவிடுவார்கள் என்பது புகாரீயில் உள்ள செய்தி. அந்த முடி கணவன் மனைவியரிடையே அன்புக்கு வழியாக இருந்தது. நம் வீட்டில் அது நாள்தோறும் சண்டைக்கு வழியாகுமாயின், அனுமதிக்கப்பட்ட ஒன்றுக்காக இல்லறத்தின் அமைதியைக் குலைப்பது அறிவுடைமை ஆகாது. அதுபோலவே, பெண்ணுக்கு வரன் பார்க்கும் குடும்பத்தார், "தந்தையின் முடியைப் பார்த்தாலே தெரிகிறதே" என்று சொல்லித் திரும்பிச் செல்வது அதைவிடப் பெரிய அறியாமை.

இனி நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருவோம். தலையின் ஒரு பகுதியை மழித்து மறு பகுதியை விட்டுவிடும் 'கஸஉ' என்ற முறையை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு உமர் (ரலி) அறிவிக்கும் செய்தி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. காதோரமும் பிடரியும் தோல் தெரிய மழித்து, உச்சியில் மட்டும் குச்சம் போல் விட்டுவரும் வெட்டுகளை நாம் தடுப்பது அதனால்தான். அந்தப் பெரியவரின் முடியோ ஒரே சீராக வளர்ந்து, வாரப்பட்டு, தூய்மையாக இருக்கிறது. முன்னதற்குத் தடை வந்துள்ளது; பின்னதற்கு அனுமதி வந்துள்ளது. மத்ரஸாவுக்கு என்று ஒரு சீரொழுங்கு இருக்கிறது. படிக்கும் காலத்தில் அதற்குக் கட்டுப்படுவது மாணவர் பண்பு. "வயது வந்து, பொறுப்பு வந்து, பேணும் வலிமையும் இருந்தால் நீங்களும் வளர்க்கலாம்" என்றே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். பெரியவர்களின் மீது நமக்குள்ள வெறுப்பை மார்க்கச் சட்டம் என்று பிள்ளைகளுக்குக் கற்பித்தோமானால், நாளை அவர்கள் நூலைத் திறந்து உண்மையைக் காணும்போது, நாம் சொன்ன மற்றச் சட்டங்களையும் ஐயுறத் தொடங்குவார்கள்.

கத்திக்குத் தயாரான முடி

நபி (ஸல்) அவர்கள் ஹஜ், உம்ரா ஆகிய வணக்கங்களில் அன்றித் தலையை மழித்ததாகப் பதிவில்லை என்று இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஸாதுல் மஆதில் குறிப்பிடுகிறார்கள். இறுதி ஹஜ்ஜுக்காக இஹ்ராம் அணிந்தபோது அந்த நீண்ட முடி கலையாமல் இருப்பதற்காகப் பசைப்பொருள் கொண்டு படிய வைத்திருந்தார்கள். மினாவில் குர்பானியை முடித்ததும் தலையை மழிக்கக் கொடுத்தார்கள். வலப்பக்கம் முதலில், இடப்பக்கம் அடுத்து. மழித்த முடி மக்களிடையே பகிர்ந்தளிக்கப்பட்டது. மழித்துக்கொண்டவர்களுக்காகப் பலமுறை துஆச் செய்தார்கள். குறைத்துக்கொண்டவர்களுக்காக ஒருமுறை செய்தார்கள்.

ஆண்டுக்கணக்கில் எண்ணெயிட்டு, வாரி, கண்ணியமாகப் பேணிய முடி, அல்லாஹ்வின் கட்டளை வந்த கணத்தில் தரையில் விழுந்தது. முடி வளர்க்கும் சகோதரர்களுக்கு இதில் ஓர் உரைகல் இருக்கிறது. உம்ராவுக்குச் சென்று, ஸயீயை முடித்து, முடிதிருத்தும் கடையின் வாசலில் நிற்கும்போது, "நான்கு ஆண்டு உழைப்பாயிற்றே, நுனியை மட்டும் வெட்டிக்கொண்டால் போதாதா?" என்று மனம் பேரம் பேசுகிறதா? நுனியைக் குறைத்தாலும் வணக்கம் நிறைவேறும், அது சலுகை. ஆனால், அந்தப் பேரத்தின்போதுதான் நாம் முடியை வைத்திருந்தோமா, முடி நம்மை வைத்திருந்ததா என்பது நமக்கே விளங்கும்.

மஹல்லாவாசிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நாளை ஃபஜ்ரில், நரைத்த நீண்ட முடியுடன் ஒருவர் உங்கள் அருகில் வந்து நின்றால், சற்று நகர்ந்து தோளோடு தோள் சேர்த்து நில்லுங்கள். வரிசையைச் சீர்செய்யுமாறுதான் நாம் ஏவப்பட்டுள்ளோம். அல்லாஹ் நம் தோற்றங்களைப் பார்ப்பதில்லை. உள்ளங்களையும் செயல்களையுமே பார்க்கிறான் என்று பெருமானார் நமக்குக் கற்பித்திருக்க, நாம் ஏன் பிறர் தலையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்?

வல்ல அல்லாஹ் நம் தோற்றத்தையும் உள்ளத்தையும் அழகாக்குவானாக! அனுமதித்தவற்றில் நன்றியையும், தடுத்தவற்றில் விலகலையும், கருத்து வேறுபாடுகளில் நாவடக்கத்தையும் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.